டெக்குலேர்ந்து ஹெச்டி வரைக்கும்... வடசென்னை வழியா

எண்பதுகள்ல ராயபுரம், காசிமேடு பக்கம் வீட்டுல சினிமான்னா டெக் வாடகைக்கு எடுக்கறதுதாங்க. ஒரு ராத்திரி வாடகை வீணாகக் கூடாதேன்னு விடிய விடிய மூணு படம்!

அப்புறம் விசிடி. பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா பஜார், 1969ல பர்மாவுலேர்ந்து திரும்பின தமிழர்களுக்காக அமைஞ்சது. துறைமுகம் பக்கத்துலயே இருந்ததால ஃபாரின் சரக்குக்குப் பேர் போனது. திருட்டு விசிடிக்கும்தான் :) 2004ல வீடியோ திருட்டைக் குண்டர் சட்டத்துலயே சேர்த்தாங்க.

ஆனா சட்டத்தை விட விலைதான் பலமா அடிச்சதுன்னு நெனைக்கிறேன். 2007ல மோசர் பேயர் ஒரிஜினல் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் எறக்கினாங்க. ஆறே ரூபா வித்தியாசம்!

விசிடியில 352க்கு 288 புள்ளி. டிவிடியில 720க்கு 576, அதாவது நாலு மடங்கு. ஆனா மஞ்சள் ஒயர் சொருகின 14 இஞ்ச் பெட்டியில அது எங்க தெரியும்? 2006லேர்ந்து அரசாங்கம் இலவசமா குடுத்த கலர் டிவியும் 14 இஞ்ச்தான். (குறை சொல்லலை. பல வீட்டுக்கு அதுதான் முதல் கலர் டிவி.)

2008ல ஹெச்டி டிவிடியைத் தோக்கடிச்சு ப்ளூ-ரே ஜெயிச்சது. 1920க்கு 1080, டிவிடியைப் போல அஞ்சு மடங்கு. ஆனா அதுக்கு டிவி, ப்ளேயர், ஹெச்டிஎம்ஐ ஒயர்னு எல்லாமே புதுசா வாங்கணும். ஏப்ரல் 15ல தடைக்காலம் ஆரம்பிச்சா விசைப்படகுக்காரங்க கரையிலதான். அந்த வீட்டுல இதுக்கு எங்கேர்ந்து காசு வரும்?

2016ல ஜியோ வந்தப்புறம் படம் ஃபோனுக்கே வந்துடுச்சு. மோசர் பேயர் 2018ல கலைப்புக்குப் போச்சு.