தென்சென்னைப் புறநகரில் பழைய கார்: சோதனையும் வாரண்டியும்

பழைய கார் வாங்குவதில் இரண்டு வேலைகள் உண்டு. வண்டியை அலசிப் பார்ப்பது ஒன்று. ஆர்.சி.யையும் இன்சூரன்ஸையும், மிச்சமிருந்தால் வாரண்டியையும் வாங்குபவர் பெயருக்கு மாற்றுவது மற்றொன்று. மேடவாக்கம், தாம்பரம், பெருங்களத்தூர் வட்டாரத்தில் முதல் வேலைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. வாரண்டி மாற்றுவது பிந்தி வந்த பழக்கம். கிராண்ட் சதர்ன் டிரங்க் (ஜி.எஸ்.டி.) சாலையோரம் கார் செய்த இரண்டு தொழிற்சாலைகள் திறந்து மூடப்பட்ட கதையோடு இரண்டுமே பின்னிக் கிடக்கின்றன.

சென்னையின் யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் சேர்ந்து 1948-இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்தின் ஆலை பெருங்களத்தூரில் இருந்தது. வான்கார்டு, டென் ஆகிய கார்களுக்குப் பிறகு 1961-இல் ஹெரால்டு வந்தது. இத்தாலியரான ஜியோவானி மிக்கேலொட்டி வரைந்த உருவம், இரண்டு கதவுகள், 948 சிசி எஞ்சின். இங்கிலாந்தில் இதே ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கித்தான் 1962-இல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். இறக்குமதிக்குக் கதவு ஏறக்குறைய அடைத்திருந்த காலத்தில், சென்னையில் ஆசைப்பட்டு வாங்கக்கூடியவற்றில் ஸ்போர்ட்ஸ் காருக்கு மிக நெருங்கியது ஹெரால்டுதான். 1953-இல் அமைந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தின் இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் நடத்திய பந்தயங்களிலும் அது ஓடியது.

அன்று புதுக் காருக்குப் பதிவு செய்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அதனால் ஓடிய வண்டிக்கும் நல்ல விலை இருந்தது. சரக்கு விற்பனைச் சட்டம் 1930-இன்படி, விலக்கான சில சூழல்கள் தவிர, பொருளின் தரத்துக்கு விற்பவர் தாமாகவே பொறுப்பாளி ஆவதில்லை. பார்த்து வாங்க வேண்டியது வாங்குபவர் பாடு. ஆகவே தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போவது கட்டாயமானது. அவர் சொல்தான் உத்தரவாதம்.

ஹெரால்டைப் பார்ப்பதற்குத் தனி முறையே உண்டு. அம்பாசிடர், ஃபியட் போல உடலும் சட்டமும் ஒன்றாய் அமைந்த கார் அல்ல அது. தனிச் சேஸிஸ் மேல் போல்ட் போட்டு முடுக்கிய உடல். டிங்கரிங் வேலை எளிது, அடிபட்டதை மறைப்பதும் எளிது. பானெட் முழுவதும் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கம் சாய்ந்து திறக்கும். அதைச் சாத்திவிட்டு, பானெட்டுக்கும் கதவுக்கும் நடுவே உள்ள சந்து இரண்டு பக்கமும் ஒத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் அகன்றிருந்தால் முன்னால் பலத்த அடி. பிறகு குனிந்து, சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் தாங்கிகளை ஸ்குரூ டிரைவரால் தட்டினால் துரு தன்னைக் காட்டிக்கொடுக்கும். முன்சக்கரம் திரும்பும் ட்ரனியனுக்குக் கிரீஸ் ஆகாது, கியர் ஆயில்தான் விட வேண்டும். இது தெரியாத கையில் இருந்த வண்டியில் ட்ரனியனின் மரை தேய்ந்து, ஓட்டத்தில் சக்கரமே மடங்கிவிடக்கூடும். பின்புறம் ஸ்விங் ஆக்ஸில். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் சக்கரங்கள் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து நிற்கும்.

1985-இல் இதே ஆலை ஸ்டாண்டர்டு 2000 காரைக் கொண்டுவந்தது. தோற்றம் வேகமான ரோவர் எஸ்.டி.1 காருடையது. உள்ளே இருந்ததோ வான்கார்டு வழிவந்த பழைய 1991 சிசி எஞ்சின். 1988-இல் உற்பத்தி நின்றது. தயாரித்தவரே தொழிலை விட்டபின், வைத்திருந்தவர்கள் உதிரிபாகத்துக்குப் புதுப்பேட்டைக் கடைகளைச் சுற்ற நேர்ந்தது. பழைய காரை எடைபோடும்போது கம்பெனி நிலைக்குமா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதை இந்த வட்டாரம் அப்போதே பட்டறிந்தது.

பெயர் மாற்றத்துக்கு இன்றுள்ள சட்டம் 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டம் 1988. அதன் 50-ஆம் பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கானவை படிவம் 29-உம் 30-உம். கடன் பாக்கி முடிந்த வண்டிக்குப் படிவம் 35, வெளிமாநிலம் போகும் வண்டிக்கு 28. கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களோடு வண்டி கைமாறுவது புரோக்கர்கள் நடுவே வெகுகாலம் சாதாரணமாக இருந்தது. இதன் விலை பெரிது. கைமாறிக்கொண்டே போன ஒரு காரின் விபத்து வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. இன்சூரன்ஸிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மூன்றாம் நபருக்கான காப்பீடு வண்டியோடு தானாகச் செல்லும். வாங்கியவர் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு, பாலிசியைப் பெயர் மாற்றாதவரை அவருக்குக் கிடைக்காது.

மறைமலைநகரில் ஃபோர்டு தொழிற்சாலை எழுந்தபின் வேகத்தை விரும்பியவர்களுக்குப் புது வண்டி கிடைத்தது. 1999-இல் வந்த ஐகான், குறிப்பாக அதன் 1.6 லிட்டர் பெட்ரோல் வகை, பல ஆண்டுகள் இளைஞர்கள் தேடி வாங்கிய பழைய காராக இருந்தது. 2001-இல் மாருதி ட்ரூ வேல்யூ தொடங்கி, பழைய காரைச் சோதித்து வாரண்டியோடு விற்றது. மெக்கானிக்கின் வாய்ச்சொல் இருந்த இடத்தில் அச்சிட்ட சோதனைப் பட்டியல் வந்தது இப்படித்தான். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஆனால் சர்வீஸும் உதிரிபாகமும் வாரண்டியும் தொடரும் என்று உறுதி சொன்னது. பெருங்களத்தூரின் அனுபவத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம்.

நடுவே, சோதனை முறையையே மாற்றியது 2015 டிசம்பர் வெள்ளம். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பதிவானது, முடிச்சூர், வேளச்சேரிப் பகுதிகளில் கார்கள் கூரைவரை மூழ்கின. 2023-இல் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணை, மேடவாக்கம் பக்கமும் நீர் நின்றது. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் நீர் புகுந்து கனெக்டிங் ராடு வளையக்கூடும். மேலே பாலிஷ் போட்டு விற்றாலும் உள்ளே தடம் இருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் அடிப்பட்டையில் சேற்றுக் கோடு தெரியும். ஸ்டெப்னி வைக்கும் குழி, சீட் தண்டவாளம், டாஷ்போர்டுக்குக் கீழுள்ள ஒயர் கனெக்டர்கள் ஆகியவையும் பார்க்க வேண்டிய இடங்கள். புது மேட், புது சீட் கவர், தூக்கலான வாசனைத் திரவியம் மூன்றும் சேர்ந்திருந்தால் சந்தேகப்படுவதே நல்லது.

ஸ்போர்ட்ஸ் ரகக் கார்களின் விலையில் வாரண்டிக்குப் பெரும் பங்கு உண்டு. சிங்கப்பெருமாள்கோவில் அருகே 2007-இல் தொடங்கிய பிஎம்டபிள்யூ ஆலையிலேயே 2021 முதல் எம்340ஐ பூட்டப்படுகிறது: 3 லிட்டர், ஆறு சிலிண்டர், அறிமுகமானபோது 387 குதிரைத்திறன். இத்தகைய வண்டியில் கியர்பாக்ஸோ டர்போவோ பழுதானால் செலவு லட்சங்களில் போகும். கம்பெனி வாரண்டி பொதுவாகச் சேஸிஸ் எண்ணோடு இணைந்தது. முதல் விற்பனை நாளிலிருந்தே கணக்கு. கூடுதலாக வாங்கிய நீட்டிப்பு வாரண்டியைப் பெயர் மாறிய ஆர்.சி.யோடு டீலரிடம் விண்ணப்பித்துத்தான் மாற்ற முடியும். சில கம்பெனிகள் வண்டியை மறுபடி சோதிப்பதும் கட்டணம் கேட்பதும் உண்டு. எஞ்சின் கணினியை ரீமேப் செய்தது, எக்ஸாஸ்ட் மாற்றியது, இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்டியது எதுவானாலும் வாரண்டியை மறுக்கக் காரணமாகலாம். எனவே அட்வான்ஸ் கொடுக்குமுன் சேஸிஸ் எண்ணை வைத்து அதிகாரபூர்வ சர்வீஸ் நிலையத்தின் பதிவைக் கேட்பதே முறை. மீட்டரைத் திருப்பியிருந்தாலும், பழைய சர்வீஸ் தேதிகளில் பதிவான கிலோமீட்டர் அதைக் காட்டிவிடும். டயர் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கம் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். குறைவாக ஓடியதாகச் சொல்லப்படும் வண்டியில் நான்கு டயரும் புதிது என்றால் கேள்வி கேட்க வேண்டும்.

2023 ஏப்ரல் முதல் பழைய கார் வியாபாரிக்கும் சட்டப்படி இடம் வந்திருக்கிறது. ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் வண்டியை ஒப்படைத்ததை உரிமையாளர் தெரிவித்துவிட்டால், விற்கும்வரை அந்த வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். வண்டியின் ஓட்டத்தையும் அவர் பதிவேட்டில் குறிக்க வேண்டும். நேரடியாக ஒருவரிடமிருந்து மற்றொருவர் வாங்கும் வண்டிக்குப் படிவம் 29-உம் 30-உம் அப்படியே தொடர்கின்றன.