ஐந்தெழுத்துக்குள் வராதவர்கள்

தாய்லாந்தின் காஞ்சனபுரியில், ஆற்றங்கரைப் பௌத்த மடமொன்றில் 1977இல் அமைத்த போர் அருங்காட்சியகம் இருக்கிறது. போர்க்கைதிகளின் கொட்டகை மாதிரியே மூங்கிலில் கட்டியது. பெயர் 'ஜீத்'. ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா–அமெரிக்கா, தாய்லாந்து, ஹாலந்து: சயாம்–பர்மா ரயில்பாதையோடு சம்பந்தப்பட்ட நாடுகளின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்த பெயர். சுற்றிப்பார்த்து வெளியே வந்தபோது ஒரு கேள்விதான் மிஞ்சியது. இந்த ஐந்தெழுத்தில் நம்ம ஆள் எங்கே?

ஆர்.கே.பேட்டையில் தறிச்சத்தத்துக்கு நடுவே பாட்டி சொல்வாள்: 'சித்தப்பா மலேயா போனாரு. அங்கிருந்து சயாமுக்கு ரயில் போடப் பிடிச்சிக்கினு போனாங்க. வரல.' எங்கள் வீட்டு ஆவணம் அவ்வளவுதான்.

1942–43இல் போடப்பட்ட 415 கிலோமீட்டர் பாதை அது. நேசநாட்டுக் கைதிகள் சுமார் 60,000 பேரில் 12,000க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். மலேயாத் தோட்டத் தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவானியர் என்று ஆசியக் கூலிகள் ஏறத்தாழ 2 லட்சம் பேர். இறந்தோர் 90,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. கைதிக்குப் படையெண் இருந்தது, கூடவே ராணுவ மருத்துவர் இருந்தார். ஒளித்துவைத்து நாட்குறிப்பு எழுதினான், படம் வரைந்தான். 1943 மழையில் காலரா வந்தபோது கூலி முகாம்கள் பலவற்றில் வைத்தியம் பார்க்கவே ஆளில்லை. செத்தவன் பெயரை யார் எழுதுவது? ஏடு உள்ளவனுக்கே கல்லறையும் கண்ணாடிப்பெட்டியும் வாய்த்தன. அருங்காட்சியகத்தின் பாரபட்சம் முகாமிலேயே தொடங்கிவிட்டது.

ஆனால் வெள்ளைக்காரனை மட்டும் குறை சொல்லி நாம் தப்பிக்க முடியாது. பாதையின் இரு முனைகளும் இணைந்தது 1943 அக்டோபர் 17. நான்கே நாள் கழித்து, 21ஆம் தேதி, சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்திய அரசைப் பிரகடனம் செய்தார். இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவனும் தண்டவாளத்தடியில் புதைந்தவனும் ஒரே தோட்டத்து லயத்து ஆட்கள். முன்னவன் தேசிய வரலாற்றுக்குள் வந்தான். பின்னவனைப் பேசினால் கூட்டாளியான ஜப்பானைப் பற்றியும் பேச வேண்டும். நம் தேசியச் சொல்லாடல் அவனைச் சௌகரியமாக மறந்தது. அந்த மௌனத்தை மலேசியத் தமிழ் எழுத்துதான் உடைத்தது, ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் அதற்குச் சாட்சி.

2023இல் காஞ்சனபுரியில் அவர்களுக்கு நடுகல் நட்டிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் நடுகல், ஆநிரை மீட்டும் போரிட்டும் விழுந்தவனுக்கு நட்ட கல். ரயிலுக்குப் பிடித்துப்போன கூலியை 'வீரன்' ஆக்கித்தான் நினைக்க முடியுமா? கூலியாக, கட்டாயத்தில் செத்தவனாக நினைக்கும் மொழி நம்மிடம் இல்லையா?

மலேயாவுக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் வட ஆர்க்காட்டில், தஞ்சையில், திருச்சியில் நிறைய. போனவர்களைப் பார்த்த தலைமுறை அநேகமாக முடிந்துவிட்டது. அவர்களிடம் கதை கேட்டவர்களும் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். வீடுவீடாகப் போய்க் கேட்டு, பெயர்களை எழுதிக்கொள்ள வேண்டியவர்கள் நாம்தான். எங்கள் வீட்டில் நான் கேட்கத் தாமதித்தேன். பாட்டியின் சித்தப்பா பெயர் எனக்குத் தெரியாது.