உரியவர் இல்லாத பெட்டி

1980 ஆகஸ்ட் 2, சனிக்கிழமை. இத்தாலியின் பொலோனியா ரயில் நிலையம் கோடை விடுமுறைக்குப் புறப்பட்ட குடும்பங்களால் நிறைந்திருந்தது. இரண்டாம் வகுப்புப் பயணிகள் காத்திருக்கும் அறையில் எவரோ ஒரு பெட்டியை வைத்துவிட்டுச் சென்றிருந்தனர். காலை 10.25 மணிக்கு அது வெடித்தது. கூரை இடிந்து விழுந்தது. 85 பேர் மாண்டனர். இருநூறு பேர் காயமுற்றனர். 37ஆம் எண் நகரப் பேருந்தே அன்று உயிரற்ற உடல்களைச் சுமந்து சென்றது. நிலையத்தின் கடிகாரம் அந்நிகழ்வின் நினைவாக 10.25 மணியிலேயே நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.

சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து, 1984 ஆகஸ்ட் 2 இரவு, நமது சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்திலும் பெட்டிகள் வெடித்தன. கொழும்பு செல்லும் விமானத்திற்கென ஒப்படைக்கப்பட்ட அவற்றுக்கு உரியவர் விமானம் ஏறவில்லை. தொலைபேசியில் எச்சரிக்கை வந்தும் பெட்டிகள் கட்டடத்தைவிட்டு அகற்றப்படவில்லை. 33 உயிர்கள் பறிபோயின.

இவ்விரு துயரங்களுக்கும் பொதுவான பாடம் ஒன்று உண்டு. நிலையம் என்பது கோட்டை அன்று. அது எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டிய இடம். அங்கு வருவோர் அனைவரும் பையுடன்தான் வருகின்றனர். ஆகவே காவலின் முதற்கேள்வி, 'இவர் யார்?' என்பதன்று; 'இப்பெட்டிக்கு உரியவர் எங்கே?' என்பதே.

உலகம் இக்கேள்வியைப் பெரும் விலை கொடுத்தே கற்றது. 1985 ஜூன் 23 அன்று அட்லாண்டிக் கடலுக்கு மேலே வெடித்துச் சிதறிய ஏர் இந்தியா விமானத்தில் 329 பேர் உயிரிழந்தனர். அங்கும் பெட்டி ஏறியது, பயணி ஏறவில்லை. அதன் பின்னரே, பயணி ஏறாத விமானத்தில் அவருடைய பெட்டியும் செல்லக்கூடாது என்னும் விதி உலகெங்கும் வலுப்பெற்றது. 1991 பிப்ரவரி 18 அன்று லண்டன் விக்டோரியா ரயில் நிலையத்தில் குப்பைத்தொட்டிக்குள் வைக்கப்பட்ட குண்டு ஒருவரைக் கொன்றது. முன்கூட்டியே எச்சரிக்கை வந்திருந்தது. எனினும் பொய் அழைப்புகள் மலிந்திருந்த காலமாதலால் நிலையம் காலி செய்யப்படவில்லை. அதன்பின் லண்டன் நிலையங்களிலிருந்து குப்பைத்தொட்டிகளே அகற்றப்பட்டன. விளையாட்டாகப் பொய் எச்சரிக்கை விடுப்பவர் மெய்யான எச்சரிக்கையின் மதிப்பையும் கெடுத்துவிடுகிறார் என்பதை நாம் இங்கு உணர வேண்டும்.

பொது இடத்தின் பாதுகாப்பு நம் மார்க்கத்திற்குப் புதியதன்று. பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ அம்புகளுடன் செல்பவர், பிறருக்குக் காயம் நேராவண்ணம் அவற்றின் முனைகளைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டும் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததை அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். தீங்கு செய்யும் எண்ணம் இல்லாதவருக்கே இக்கட்டளை. தவறுதலாகக்கூட ஒரு கீறல் விழலாகாது எனில், திட்டமிட்டுக் கூட்டத்தின் நடுவே குண்டு வைப்பது எத்துணைப் பெரிய பாவம்! அநியாயமாக ஓர் உயிரைக் கொல்வது மனிதகுலம் முழுவதையும் கொல்வதற்கு ஒப்பாகும் என்பதை அல்மாயிதா அத்தியாயத்தில் நாம் ஓதுகிறோம்.

ஆயினும் 2005 ஜூலை 7 அன்று லண்டன் சுரங்க ரயில்களிலும் பேருந்திலும் 52 பேரைக் கொன்ற நால்வர் நம் மார்க்கத்தின் பெயரையே கூறினர். கொல்லப்பட்டோரில் முஸ்லிம்களும் இருந்தனர். இக்கொடுமையை நாம் தயக்கமின்றிக் கண்டிக்கிறோம். 'அவர்கள் நம்மவர் அல்லர்' என்று சொல்லிக் கடந்துவிடாமல், நம் பிள்ளைகளுக்கு இதனைப் பாடமாகவும் கற்பிக்க வேண்டியிருக்கிறது.

அதே வேளையில், ஆளைப் பார்த்து ஐயுறும் காவல் எங்கே கொண்டு சேர்க்கும் என்பதற்கும் வரலாறு சான்று வைத்திருக்கிறது. 1974இல் நிகழ்ந்த பர்மிங்காம் மதுக்கூடக் குண்டுவெடிப்புகளுக்காக அயர்லாந்தைச் சேர்ந்த அறுவர் தண்டிக்கப்பட்டனர். பதினாறு ஆண்டுகள் சிறையில் கழிந்த பின்னர், 1991இல் அத்தீர்ப்பு தவறென்று அறிவிக்கப்பட்டது. அறுவரின் வாழ்வு பாழானது. உண்மையில் குண்டு வைத்தவர்களோ தப்பினர். பொலோனியாவில் வைத்தவர்கள் நவபாசிசவாதிகள் என்று நீதிமன்றங்கள் கண்டன. கொலைகாரனுக்கென்று தனித்த முகமோ உடையோ இல்லை.

தாடியும் தொப்பியுமாகப் பயணம் செய்யும் நம் மாணவர்களின் பைகள் மற்றவர்களுடையதைவிட அதிகமுறை திறக்கப்படுவதை நாம் அறிவோம். அது வலிக்கத்தான் செய்கிறது. அந்த வலியை முறையான வழியில் எடுத்துரைப்பது நம் உரிமை. ஆனால் அதைக் காரணமாக்கி, கேட்பாரற்றுக் கிடக்கும் பையைக் கண்டும் 'நமக்கேன் வம்பு' என்று விலகுவது நமக்குத் தகாது. அதனைத் தொடாமல், பிறரையும் நெருங்கவிடாமல், உடனே காவலரிடம் தெரிவிப்போம். நம் பையை நாமே பார்த்துக்கொள்வோம். அறியாதவர் தரும் பொதியை ஏற்காதிருப்போம். பாதையில் கிடக்கும் தீங்கை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளையன்றோ?

பயணம் புறப்படும் ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டாரிடம் நலமாகத் திரும்பச் சேர்க்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.