திருக்கடையூர் கேசட்டும் ஒரு ப்ளூ-ரே வட்டும்



போன மாதம் நான் ஏன் போன் எடுக்கவில்லை, குரூப்பில் காலை வணக்கம்கூடக் காணோமே என்று பலர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு ப்ளூ-ரே வட்டு எழுதிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு வட்டு. இருபத்திரண்டு நாள் ஆயிற்று. எட்டு வட்டு குப்பைக்குப் போயிற்று.

2009-இல் அப்பா அம்மாவுக்குத் திருக்கடையூரில் சதாபிஷேகம் நடந்தது உறவினர்களுக்கு நினைவிருக்கும். வீடியோ எடுத்த தம்பி, அப்போது நம் பக்கத்தில் புதுசாக இருந்த ஹை-டெஃபனிஷன் கேமராவோடு வந்தார். ஆனால் கடைசியில் கையில் கொடுத்தது சாதாரண டிவிடி. அதில் தொடக்கம் முதல் முடிவு வரை சினிமாப் பாட்டு. கலசத் தண்ணீர் தலையில் விழுகிறது, அம்மா அப்பாவைப் பார்த்து ஏதோ சொல்கிறார், அப்பா வாய்விட்டுச் சிரிக்கிறார். நமக்குக் கேட்பதோ ஏதோ ஒரு டூயட். அம்மா என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. நல்லவேளையாக மூன்று கேசட்டுகளையும் அன்றைக்கே கேட்டு வாங்கி பீரோவில் வைத்திருந்தேன். அப்பாவும் போய்விட்டார், அம்மாவும் போய்விட்டார். இந்த வருடம் திருச்சியில் பெரியண்ணன் கேட்டார்: "அம்மா அன்னிக்கு என்னதான் சொன்னாங்கன்னு ஒரு தடவை கேக்கணும்டா."

பென்டிரைவில் போட்டுக் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். அண்ணனுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வட்டை வைக்க வேண்டும், பொத்தானை அழுத்த வேண்டும். அவர் பையன் வாங்கிக் கொடுத்த ப்ளூ-ரே பிளேயர் வீட்டில் இருக்கிறது. அதை விட்டு அவரை வேறெதற்கும் பழக்குவது என்னால் ஆகாது. நான் பத்தாம் வகுப்பு சி பிரிவுக்கே பாடம் நடத்தியவன், இருந்தும் சொல்கிறேன்.

34 வருடம் வரலாறு நடத்தியதில் கற்காத ஒன்றை இந்த வேலையில் கற்றேன். கம்ப்யூட்டர் காட்டும் ஒவ்வொரு பிழைச் செய்திக்குப் பின்னாலும் ஒரு வருடம் இருக்கிறது. அந்த வருடத்தில் யாரோ ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து எடுத்த முடிவு இருக்கிறது. அந்த முடிவு தெரிந்தால் பிழைக்கு மருந்தும் தெரிகிறது.

முதலில் வட்டின் கதை. சிடி 1982-இல் வந்தது. அதைப் படிக்கும் லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர். 1996-இல் ஜப்பானில் வந்த டிவிடிக்கு 650, அதாவது சிவப்பு. அலை குட்டையானால் ஒளிப்புள்ளி சிறுக்கும், அதே இடத்தில் அதிகம் எழுதலாம். அடுத்த படி நீலம். ஆனால் நீல ஒளி தரும் குறைகடத்தி வருடக்கணக்கில் யாருக்கும் பிடிபடவில்லை. ஜப்பானில் அகாசாகி, அமானோ, நகாமுரா மூவரும் காலியம் நைட்ரைடைக் கட்டிக்கொண்டு அழுது அதைச் சாதித்தார்கள். நீல எல்.ஈ.டி.க்காக 2014-இல் அவர்களுக்கு நோபல் பரிசு. அதே பொருளிலிருந்து வந்ததுதான் 405 நானோமீட்டர் லேசர்.

லேசர் ஒன்றுதான், ஆனால் கட்சி இரண்டு. 2002 பிப்ரவரியில் ஒன்பது நிறுவனங்கள் சேர்ந்து ப்ளூ-ரேயை அறிவித்தன. தோஷிபாவும் என்இசியும் எச்டி டிவிடி என்று தனி வழி போயின. வேறுபாடு ஒரு தோலின் தடிமன். எச்டி டிவிடியில் தகவல் படலம் டிவிடியைப் போலவே 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருந்தது. அதனால் பழைய டிவிடி ஆலைகளைக் கொஞ்சம் மாற்றினால் போதும். கொள்ளளவு ஓர் அடுக்குக்கு 15 ஜிபி. ப்ளூ-ரே அதை 0.1 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தது. 25 ஜிபி கிடைத்தது, ஆனால் கீறல் பயம் வந்தது. 2003-இல் ஜப்பானில் வந்த முதல் ப்ளூ-ரே ரெக்கார்டரின் வட்டு பெட்டிக்குள் பூட்டியே வந்தது. டிடிகே நிறுவனம் கெட்டியான மேல்பூச்சு கண்டுபிடித்த பிறகுதான் அந்தப் பெட்டி கழன்றது.

2005-இல் சமரசம் பேசினார்கள், முறிந்தது. 2006-இல் இரண்டும் கடைக்கு வந்தன. பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுப் பெட்டிக்குள் ப்ளூ-ரே வைத்தே விற்றார்கள். 2008 ஜனவரி 4-ஆம் தேதி, அதுவரை இரண்டு படகிலும் கால் வைத்திருந்த வார்னர் நிறுவனம் ப்ளூ-ரே மட்டும் என்று சொன்னது. பிப்ரவரி 19-ஆம் தேதி தோஷிபா கையைத் தூக்கிவிட்டது.

ஜெயித்தவனுக்கு ராஜ்யம் நிலைத்ததா என்றால் இல்லை. நெட்ஃபிளிக்ஸ் 2007-லேயே இணையம் வழியாகப் படம் காட்டத் தொடங்கிவிட்டது. ஆப்பிளின் வட்டு எழுதும் மென்பொருள் 2005-இல் எச்டி டிவிடிக்குத் தயாராகி, தோற்ற குதிரையில் பணம் கட்டியதாக ஆகி, 2011-இல் நின்றே போனது. அடோபியின் என்கோர் 2012 பதிப்போடு முடிந்தது. இன்று நாம் பிடித்துத் தொங்கும் வட்டு மென்பொருள்களில் பல இப்படிப் பெற்றோர் கைவிட்ட பிள்ளைகள். நான் பயன்படுத்தியதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. அதைத் திட்டினால் கேட்கக்கூட ஆளில்லை.

இனி என் அவஸ்தை.

கேசட்டை ஹார்டு டிஸ்கில் ஏற்றியதும் மென்பொருளில் புதுத் திட்டம் திறந்தேன். அது கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தலையாட்டினேன். வட்டு வந்தது. கலசத் தண்ணீர் விழவில்லை, தத்தித் தத்தி இறங்கியது. காரணம், மென்பொருள் தானாக எடுத்துக்கொண்ட வேகம் வினாடிக்கு 29.97 படம். இந்த எண் அமெரிக்காவுடையது. அங்கே மின்சாரம் 60 சுழற்சி, அதனால் டிவி 30 படம். 1953-இல் கலர் டிவிக்கு மாறியபோது பழைய செட்டுகளும் ஓடவேண்டுமென்று ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்தார்கள். ஐரோப்பாவிலும் நம் நாட்டிலும் மின்சாரம் 50 சுழற்சி, டிவி 25 படம். 1975-இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியதும் அதே கணக்கில்தான். திருக்கடையூர் கேமராவும் 25. அதை 29.97 ஆக்கச் சொன்னால் இல்லாத படத்துக்கு மென்பொருள் எங்கே போகும்? இருப்பதையே திருப்பிப் போட்டு ஒப்பேற்றும்.

சரி, 25 என்று வைத்தேன். வட்டுப் பகுதிக்குப் போனால் பட்டியலில் 25 இல்லை! 24 இருக்கிறது, 50 ஐ இருக்கிறது, முழு உயரப் படத்துக்கு முழுதான 25 இல்லை. பக்கத்தில் இருக்கிறதே என்று 24 போட்டேன். வினாடிக்கு ஒரு படம் காணாமல் போய் மறுபடியும் தத்தல். இரண்டு நாள் இந்த எண்ணையே முறைத்துக்கொண்டிருந்தேன். விடை சினிமாவிலும் டிவியிலும் இருக்கிறது. 24 சினிமாவின் வேகம், ஹாலிவுட்டுக்காக வைத்தது. டிவிக்கு 1930-களிலேயே ஒரு சிக்கனம் கண்டுபிடித்திருந்தார்கள். ஒரு படத்தை முழுதாக அனுப்பாமல் முதலில் ஒற்றைப்படை வரிகள், பிறகு இரட்டைப்படை வரிகள். வினாடிக்கு 25 முழுப் படம், 50 அரைப் படமாகப் போகும்; கண் ஏமாந்து சேர்த்துக்கொள்ளும். லண்டனில் பிபிசி 1936-இல் 405 வரியோடு ஒளிபரப்பியதும் இப்படித்தான். எழுபது வருடம் கழித்து ப்ளூ-ரே விதி எழுதியவர்கள் ஐரோப்பிய டிவிக்காக அந்த 50 அரைப் படத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஆக, நான் தேடிய 25 அந்த 50-க்குள்தான் இருந்தது. "ஐ" என்ற ஓர் எழுத்தில்.

50 ஐ வைத்தேன். தண்ணீர் சரியாயிற்று. ஆனால் ஓடுகிற பேரப்பிள்ளைகள் முன்னுக்கும் பின்னுக்குமாக உதறினார்கள், பேய் பிடித்தாற்போல. எந்த அரைப் படம் முதலில் என்பதை நான் தலைகீழாகக் கொடுத்திருந்தேன். பழைய டிவி கேசட்டில் கீழ் வரி முதலில். அதே அளவு கேசட்டில் 2003-க்குப் பிறகு வந்த எச்டிவி முறையில் மேல் வரி முதலில். கேசட் ஒன்றுதான் என்பதால் நான் பழைய அமைப்பையே தேர்ந்தெடுத்திருந்தேன். இன்னொரு வட்டு குப்பைக்கு.

அதற்கடுத்ததில் எல்லோரும் ஒல்லி. பெரியத்தை வாழ்நாளில் அவ்வளவு ஒல்லியாக இருந்ததில்லை. எச்டிவி 1920 புள்ளி அகலத்தை 1440 புள்ளியில் சுருக்கிவைக்கிறது, ஒவ்வொரு புள்ளியையும் மூன்றில் ஒரு பங்கு அகட்டிக் காட்டவேண்டும். மென்பொருளுக்கு அதைச் சொல்ல மறந்துவிட்டேன். அத்தை இருந்தால் அதையே போதும் என்றிருப்பார்.

சோதனைக்கு ஏன் விலைகூடிய வட்டு என்று நடுவில் சாதாரண டிவிடியில் எழுதிப் பார்த்தேன். 2006-இல் சோனியும் பானசோனிக்கும் கொண்டுவந்த ஏவிசிஎச்டி முறையில் அது முடியும், ஆனால் வினாடிக்கு 18 மெகாபிட்டுக்கு மேல் போகக்கூடாது. நான் 25 கொடுத்தேன், பிளேயர் திக்கித் திக்கிப் பேசியது. விதிப்படி போனால் 35 நிமிடம்கூட அடங்காது.

இத்தனையும் ஆன பிறகும் படம் எனக்குத் திருப்தியில்லை. தண்ணீர் விழும் இடத்தில் கட்டம் கட்டமாக மசமசப்பு. அப்போதுதான் வெட்கத்தை விட்டு, சென்னையில் எடிட்டிங் வேலையில் இருக்கும் நம் 1998 பேட்ச் பையனுக்குப் போன் போட்டேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். நான் அவன் பரீட்சைத் தாளை அவ்வளவு பொறுமையாகத் திருத்தியதில்லை.

"சார், நீங்க ஏன் வீடியோவை மறுபடி மறுபடி அரைக்கிறீங்க? கேசட்ல இருக்கறது எம்பெக்-2, 25 மெகாபிட். ப்ளூ-ரே அதை அப்படியே ஏத்துக்கும். தொடாம எடுத்து உள்ள வைங்க."

தூக்கிவாரிப் போட்டது. புது முறைதான் உசத்தி என்று நானாக நினைத்துக்கொண்டு எச்.264-க்கு மாற்றிக்கொண்டிருந்தேன். டிவிடி காலத்து எம்பெக்-2-வையும் ப்ளூ-ரே விதியில் சேர்த்திருக்கிறார்கள். தொடாமல் வைப்பதில் ஒரு சங்கடம், நினைத்த இடத்தில் வெட்ட முடியாது. 12 படம் கொண்ட கட்டுகளாக இருப்பதால் அரை வினாடி முன்னே பின்னே போகும். போகட்டும். 1 மணி 40 நிமிடம், 19 ஜிபி, 25-க்குள் அடங்கியது. இலவச மென்பொருள் ஒன்றில் சேர்த்து வட்டில் எழுதினேன். படம் கண்ணாடி. தண்ணீர்த் துளி துளியாகத் தெரிகிறது. அம்மா வாயசைக்கிறார்.

சத்தம் இல்லை.

உறவினர்களே, அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

காரணம் மறுநாள் கிடைத்தது. எச்டிவி கேசட்டின் ஒலி எம்பெக்-1 இரண்டாம் அடுக்கு என்ற முறை. நம் ஊரில் கல்யாண விசிடி ஓடிய காலம் நினைவிருக்கிறதா? 1993-இல் விதி வகுத்த அந்த விசிடியின் ஒலியும் இதுவே. எம்பி3 என்பது இதன் தம்பி, மூன்றாம் அடுக்கு. டிவிடி வந்தபோது ஐரோப்பியப் பகுதிக்கு எம்பெக் ஒலிதான் என்று ஒரு தரப்பு பிடிவாதமாக நின்றது. டால்பி டிஜிட்டல் தரப்பு ஜெயித்தது. ப்ளூ-ரே பிளேயருக்கு டால்பி, டிடிஎஸ், சுருக்காத பிசிஎம் மூன்றும் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாம் அடுக்கு அந்தப் பட்டியலில் இல்லை. கம்ப்யூட்டரில் கேட்டது, பிளேயரில் கேட்கவில்லை என்றால் இதுதான். அம்மாவின் குரல் வட்டில் இருந்தது, அண்ணன் வீட்டுப் பெட்டிக்கு அந்தப் பாஷை தெரியவில்லை.

படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் பிரித்து டால்பி டிஜிட்டலாக மாற்றினேன். ஐந்து நிமிட வேலை. மறுபடி சேர்க்கும்போது என்னவோ புரியாத பிழை. கோப்புறைக்கு "அப்பா அம்மா" என்று தமிழில் பெயர் வைத்திருந்தேன்; பழைய மென்பொருளுக்கு ஆங்கில எழுத்து தவிர எதுவும் ஆகாது. சதாபிஷேகத்தை 'எஸ்1' என்று ஆக்கியதும் சமாதானமாயிற்று. இதற்கு மட்டும் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

கடைசியாக ஒன்று. சோனி நிறுவனம் 2025 பிப்ரவரியில் வெற்று ப்ளூ-ரே வட்டு செய்வதை நிறுத்திவிட்டது. அதே அறிவிப்பில் மினி டிவி கேசட்டும் நின்றது. எடுத்த கேசட்டின் வகைக்கும், எழுதிய வட்டின் வகைக்கும் ஒரே நாளில் காரியம். வேறு நிறுவனங்களின் வட்டு இன்னும் கிடைக்கிறது. பீரோவில் கேசட் வைத்திருப்பவர்கள் அதை ஓட்டிப் பார்க்கக் கேமரா கிடைக்கும்போதே இறக்கி வையுங்கள்.

போன ஞாயிறு திருச்சி போனேன். அண்ணன் தானே வட்டை வைத்து, தானே பொத்தானை அழுத்தினார். நாகஸ்வரம், மந்திரம், நடுவில் யாரோ ஒரு குழந்தை அழுகை. கலசத் தண்ணீர் விழுந்து முடிகிறது. அம்மா அப்பா பக்கம் திரும்பிச் சொல்கிறார்: "எண்பது வயசுலயாவது காதுக்குப் பின்னால தேச்சுக் குளிங்க."

அண்ணன் அந்த இடத்தை நான்கு தடவை ஓட்டிப் பார்த்தார். இன்னும் மூன்று வெற்று வட்டு மிச்சம் இருக்கிறது. தங்கைக்கு ஒன்று போக, வேண்டியவர்கள் கீழே சொல்லுங்கள். பிளேயர் இருக்கிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.