தாலியும் தோம்பும்

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலிற் பரந்து கிடக்கும் தீவுகளில் திருமணம் பெண் வீட்டில் நிகழ்வதே நெடுங்கால வழக்கம். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் இன்றும் குறிகட்டுவான் துறையிலிருந்து கடல்வழியே செல்லல் வேண்டும். வேற்றூரிற் பெண்கொள்ளும் மணமகன் சுற்றத்தாருடன் கடல் கடந்து வருவான். பெண்ணின் சகோதரன் அவன் கால் கழுவி வரவேற்பான். அதற்குக் கைம்மாறாக ஒரு மோதிரம் பெறுவான்.

மணநாளுக்கு முன்னரே சடங்குகள் தொடங்கிவிடும். நல்ல நாள் பார்த்து மணமகன் வீட்டிற் பொன்னுருக்கு நடைபெறும். இரு வீட்டாரும் காணப் பொற்கொல்லர் பொன்னை உருக்குவார். தாலியாகப் போகும் பொன் அதுவே. ஒரு குடும்பத்தின் வாக்கு, சாட்சிகள் முன்னிலையில் உருகி ஒன்றாகின்றது என்பதே அதன் கருத்து. பின்னர்க் கன்னிக்கால் ஊன்றல், கன்னிகாதானம், கூறை கொடுத்தல், தாலிகட்டு, அம்மி மிதித்தல், அருந்ததி காட்டல் என ஒவ்வொன்றாக நிகழும். இவற்றுள் எது திருமணத்தைத் திருமணமாக்குவது? இவ்வினாவைத் தீவகத்தார் ஏட்டளவிலன்றி வாழ்க்கையிலேயே எதிர்கொள்ள நேர்ந்த காலம் ஒன்றுண்டு.

1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1658இல் அவர்களை வென்று ஒல்லாந்தர் வந்தனர். வந்தவர்கள் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களைத் தீவுகளுக்கு இட்டனர். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று, வேலணையும் ஊர்காவற்றுறையும் அடங்கிய தீவு லெய்டன், புங்குடுதீவு மிடில்பர்க், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ஃப்ட். நிலப்படத்திற் பெயர் மாறியது போலவே மக்களின் பெயர்களும் புதியதோர் ஏட்டில் ஏறின. அவ்வேட்டுக்குத் தோம்பு என்று பெயர். ஊர்தோறும் தேவாலயமும் அதனோடு பாடசாலையும் இருந்தன. ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பதிந்து வைப்பது பாடசாலைச் சட்டம்பியாரின் கடமைகளுள் ஒன்று.

பதியப்படாத திருமணத்தை அரசு ஏற்பதில்லை. ஏற்காவிடின் பிள்ளைகளின் உரிமைக்கும் முதுசத்துக்கும் இடையூறு நேரும். ஆதலின் சைவக் குடும்பத்தாரும் தேவாலயத்துக்குச் சென்று பெயர் கொடுத்தனர். ஆயினும் சுற்றத்தார் கண்ணில் அவ்வளவோடு மணம் முடிந்ததாகவில்லை. வீட்டுக்குள்ளே முன்னோர் வழிப்படி தாலி கட்டியபின்னரே அவர்கள் கணவன் மனைவியாயினர். விரதமிருந்து உண்ட இலையைப் பிறர் காணாவண்ணம் கூரையிற் செருகி மறைத்த காலம் என்று யாழ்ப்பாணத்து வழக்காறு சொல்வது இக்காலத்தையே.

இங்ஙனம் ஒருபுறம் வழமையை ஒடுக்கிய ஒல்லாந்த ஆட்சியே மறுபுறம் அதனை எழுதிவைக்கவும் முற்பட்டது. தேசாதிபதி சிமோன்ஸ் பணித்தபடி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணிபுரிந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தேசவழமையைத் தொகுத்தார். பன்னிரண்டு முதலிமார் அதனை ஆராய்ந்து உடன்பட்டனர். சீதனம், முதுசம், தேடிய தேட்டம் ஆகியவை அதில் விரிவாகக் கூறப்பட்டன. போர்த்துக்கேயர் காலத்திலேயே சீதன வழக்கிற் சில மாறுதல்கள் புகுந்தன என்பதையும் அத்தொகுப்பு மறைக்கவில்லை. வழமை என்பது அசையாத கல்லன்று என்பதற்கு அதுவே சான்று.

கிறித்தவத்தை உளமார ஏற்றவர்களின் நிலை வேறு. ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தைத் தடைசெய்திருந்தனர். 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்த யோசேவாஸ் முனிவர் மறைவாகவே அம்மக்களுக்குத் தொண்டாற்றினார். தமிழ்க் கிறித்தவர் தாலி அணியலாமா என்னும் வினா அக்காலத்திற் கடலுக்கு அப்பால், தமிழகத்தில், பெரும் வழக்காயிற்று. 1704இல் புதுச்சேரியிலிருந்து பாப்பரசரின் தூதர் தூர்னோன் ஒரு கட்டளை பிறப்பித்தார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலியும், மஞ்சள் தோய்ந்த நூற்றெட்டு இழைக் கயிறும் விலக்கப்பட்டன. சிலுவை முதலிய அடையாளம் பொறித்த தாலிக்கு இடமளிக்கப்பட்டது. 1744இல் பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் அம்முடிவை உறுதி செய்தார். மூன்று நூற்றாண்டு கழிந்தும் தாலி மறையவில்லை; அதிற் பொறித்த அடையாளமே மாறியது.

போற்றத்தக்க உள்ளூர் வழக்கங்கள் திருமணத்தில் நிலைபெறுதல் வேண்டும் என்று 1563இலேயே திரெந்துச் சங்கம் விரும்பியது. அதே கருத்தை 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மீண்டும் வலியுறுத்தியது. ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் வாழும் கத்தோலிக்கருக்கு இது புதுமையன்று. புறாவோ சிலுவையோ பொறித்த தாலியைக் குருவானவர் மந்திரித்துக் கொடுக்க, மணமகன் கட்டுகின்றான். வெள்ளைச் சேலையுடன் ஆலயம் வந்த மணமகள் பின்னர்க் கூறை உடுக்கின்றாள். அயல்வீட்டுச் சைவப் பெண்ணின் கூறைக்கும் அவள் கூறைக்கும் பெயர் ஒன்றே, பொருளும் ஒன்றே.

1795இல் ஆங்கிலேயர் வந்தபின் மதக் கட்டாயம் தளர்ந்தது. தோம்புக்கு அஞ்சிப் பெயர் கொடுத்தவர் பலர் வெளிப்படையாகவே தம் சமயத்துக்கு மீண்டனர்; விரும்பி ஏற்றவர் நிலைத்து நின்றனர். 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுச் சட்டம் பதிவைத் திருமணத்துக்குச் சிறந்த சான்றாகக் கொண்டது. எனினும் வழமைப்படி நிகழ்ந்த மணம் பதிவின்மையால் மட்டும் செல்லாததாகிவிடவில்லை. ஏடும் தாலியும் ஒன்றையொன்று விலக்காமல் அருகருகே நிற்க இடம் உண்டாயிற்று.

1990, 1991ஆம் ஆண்டுகளிற் போர் தீவகத்தைச் சூழ்ந்தபோது மக்களிற் பலர் ஊர்விட்டு அகன்றனர். புங்குடுதீவாரும் வேலணையாரும் இன்று கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் பிரான்சிலும் வாழ்கின்றனர். பிரான்சிய சட்டப்படி முதலில் நகரசபையில் மணம் முடித்தல் வேண்டும். சமயச் சடங்கு அதன்பின்னரே. அங்குக் கையெழுத்திட்ட மணமக்கள் பிறிதொரு நாள் வாடகை மண்டபத்து மணவறையில் தாலி கட்டுகின்றனர்.

முந்நூறு ஆண்டுக்கு முன் சட்டம்பியாரின் ஏட்டுக்கும் வீட்டு மணவறைக்கும் இடையே நடந்த அதே நடையே இது. ஆயின் வேறுபாடு ஒன்றுண்டு. அன்று ஒளித்துச் செய்த சடங்கு இன்று உற்றாரும் அயல்நாட்டு நண்பரும் காண வெளிப்படையாக நிகழ்கின்றது. பொன்னுருக்கில் ஒளிரும் சிறு தீயைக் காட்டி, “இது எதற்கு?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கு விடை சொல்லத் தெரிந்த முதியோர் ஒருவர் அவ்வீட்டில் இருக்கும்வரை அச்சடங்கு வெறும் அலங்காரமாகிவிடாது.