சாம்பலும் மகிமையும்

1683-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 21-ஆம் தேதி ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் ஒரு வைபவம் நடந்தது. புத்தகங்களைக் கொளுத்திய வைபவம். சர்வகலாசாலையின் பெரியவர்கள் கூடி, ராஜாங்கத்துக்கு விரோதமான கருத்துக்கள் இவை இவை என்று ஒரு ஜாபிதா தயாரித்தார்கள். அந்தக் கருத்துக்களைச் சொன்ன நூல்களைப் பொது முற்றத்தில் போட்டு எரிக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அதே தினம் லண்டனில் வில்லியம் ரஸ்ஸல் பிரபுவின் தலை வெட்டப்பட்டது. மன்னர் இரண்டாம் சார்லஸையும் அவருடைய தம்பியையும் கொல்லச் சதி செய்தார் என்பது குற்றச்சாட்டு. ராஜபக்தியை உரக்கக் காட்டிக்கொள்ள வேண்டிய காலம், பண்டிதர்களும் காட்டிக்கொண்டார்கள்.

அந்த ஜாபிதாவில் ஹாப்ஸ் இருந்தார். மில்ட்டன் இருந்தார். மகாகவி மில்ட்டன்தான், ஆனால் குற்றம் அவருடைய காவியத்தின் மேல் அல்ல, அரசியல் நூல்களின் மேல். ஜான் ஓவன் என்ற ஒரு பாதிரியாரும் இருந்தார். முதலாம் சார்லஸ் மன்னரைக் கொன்றது நியாயமே, கொன்றவர்கள் கடவுளுடைய மகிமைக்குக் கருவியானவர்கள் என்ற கருத்தை மில்ட்டன், குட்வின், ஓவன் ஆகிய மூவர் தலையிலும் சுமத்தியிருந்தார்கள்.

இதிலே ஒரு விசித்திரம் உண்டு. இந்த ஓவன் அதே ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலைக்கு ஐந்து வருஷம் உபவேந்தராக இருந்தவர்.

அதைவிடப் பெரிய விசித்திரம் ஒன்றும் உண்டு. அந்தக் கோடைகாலத்தில் ஓவன் லண்டனுக்கு மேற்கே ஈலிங் என்ற கிராமத்தில் நோயாளியாகக் கிடந்தார். ஆஸ்துமா ஒரு பக்கம், கல்லடைப்பு ஒரு பக்கம். வயது அறுபத்தேழு. அவருடைய கடைசிப் புத்தகம் அச்சுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. எதைப் பற்றிய புத்தகம் என்கிறீர்கள்? கிறிஸ்துவின் மகிமையைப் பற்றி! நெருப்புக்குக் கொடுத்த தீர்ப்பிலும் மகிமை என்ற சொல். மரணப் படுக்கையில் கிடந்தவரின் நூலிலும் அதே சொல். இந்த இரண்டு மகிமைகளும் ஒன்றுதானா என்ற கேள்விதான் என்னை இந்த மனிதரின் சரித்திரத்துக்குள் இழுத்துக்கொண்டு போயிற்று.

ஓவன் 1616-ல் பிறந்தார். பன்னிரண்டு வயதில் ஆக்ஸ்போர்டில் சேர்ந்து, பத்தொன்பது வயதில் எம். ஏ. பட்டம் பெற்றார். 'பியூரிட்டன்' என்று பெயர் பெற்ற கூட்டத்தைச் சேர்ந்தவர். ஆலயத்திலும் ஆராதனையிலும் வேதத்துக்குப் புறம்பான அலங்காரம் எதுவும் கூடாது என்பது அவர்கள் கொள்கை. ஆக்ஸ்போர்டில் ஆடம்பர ஆராதனை முறைகளைத் திணித்தபோது 1637-ல் அதை விட்டு வெளியேறினார். பிறகு மனத்திலே இருள் வந்து கவிந்தது. ஏறக்குறைய மூன்று மாதம் ஒருவரோடும் சரியாகப் பேசவில்லையாம். கடவுள் தம்மைக் கைவிட்டு விட்டாரோ என்ற பயம்.

அப்பொழுது ஒரு சம்பவம். லண்டனில் எட்மண்ட் காலமி என்ற பிரபல பிரசங்கியைக் கேட்கப் போனார். அன்றைக்குக் காலமி வரவில்லை. பெயர் தெரியாத ஒரு கிராமத்துப் பிரசங்கியார் மேடை ஏறினார். கூட வந்தவர், "வேறு கோயிலுக்குப் போகலாம் வா" என்று கூப்பிட்டார். ஓவனுக்கு எழுந்திருக்கச் சோம்பல், உட்கார்ந்து விட்டார். கடலில் புயலைக் கண்டு நடுங்கிய சீஷர்களைப் பார்த்து, அவநம்பிக்கை ஏன் என்று கிறிஸ்து கேட்ட இடத்தை அந்தக் கிராமத்தார் எடுத்துப் பேசினார். ஓவனுடைய நெஞ்சில் கவிந்திருந்த இருள் அன்றைக்கு விலகியது. பிற்பாடு அந்தப் பிரசங்கியார் யார் என்று எவ்வளவோ தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் ஒரு நாவலில் இப்படி எழுதினால், "கதாசிரியருக்குச் சௌகரியமான தற்செயல்" என்று நீங்கள் சிரிப்பீர்கள். சரித்திரத்துக்கு அந்தக் கவலை இல்லை.

இனி 1649. மன்னர் முதலாம் சார்லஸின் தலை ஜனவரி 30-ஆம் தேதி விழுந்தது. மறுநாள் பார்லிமெண்டில் பிரசங்கம் செய்ய அழைக்கப்பட்டவர் முப்பத்திரண்டு வயது ஓவன். அந்தக் கொலையைப் பற்றி அவர் நேரடியாகப் பேசவில்லை, கண்டிக்கவும் இல்லை. அந்த வருஷமே படைத்தலைவர் குரோம்வெல்லுடன் மத குருவாக அயர்லாந்துக்குப் போனார். டிராகெடா என்ற பட்டணத்தில் குரோம்வெல்லின் படைகள் செய்த படுகொலை உலகம் அறிந்தது. ஓவன் அப்போது டப்ளினில் இருந்தார். திரும்பி வந்து 1650 பிப்ரவரியில் பார்லிமெண்டின் முன்பு பேசினார். அயர்லாந்தில் கிறிஸ்து பகைவரின் ரத்தம் தோய்ந்த சிங்கமாக மட்டும் காணப்படுகிறாரே, தம் ரத்தத்தைச் சிந்திய ஆட்டுக்குட்டியாக அவரைக் காட்ட அங்கே ஆள் இல்லையே என்ற கருத்தில் வருந்தினார். அந்த நாட்டுக்குப் பிரசங்கிகளை அனுப்பும்படி கேட்டார்.

அந்தப் பேச்சைப் பற்றி எனக்கு இரண்டு மனம் உண்டு. வெற்றி மயக்கத்தில் இருந்த சபையிலே அவ்வளவாவது சொல்லத் துணிந்தாரே என்று ஒரு மனம் பாராட்டுகிறது. சிங்கத்தையும் அவர் மறுக்கவில்லையே என்று இன்னொரு மனம் சொல்கிறது. அந்த வயதில் அவர் கண்ட மகிமைக்குப் பக்கத்தில் ஒரு வாள் நின்றுகொண்டுதான் இருந்தது.

பதவிகள் வந்தன. 1651-ல் ஆக்ஸ்போர்டில் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் தலைமை. 1652-ல் உபவேந்தர் பதவி. பியூரிட்டன் என்றால் கறுப்பு அங்கியும் கடுகடுத்த முகமும்தான் நமக்கு ஞாபகம் வரும். ஓவனோ தலைமயிரில் பவுடர் பூசி, வெல்வெட் சட்டை போட்டு, முழங்காலில் ரிப்பன் கட்டி, ஸ்பானிஷ் தோல் பூட்ஸுடன் உலா வந்தாராம். எழுதி வைத்தவர் அந்தோணி வுட் என்ற பரம வைரி. ஆகவே ரிப்பனில் ஒரு முழம் குறைத்துக்கொள்ளலாம்.

1657-ல் குரோம்வெல்லுக்கு ராஜ கிரீடம் சூட்டப் பேச்சு எழுந்தது. அது வேண்டாம் என்று படை அதிகாரிகள் கொடுத்த மனுவை எழுதியவர் ஓவன். அந்த ஆண்டே உபவேந்தர் பதவி போயிற்று. 1660-ல் மன்னராட்சி திரும்பியது, கல்லூரியும் போயிற்று. 1662 ஆகஸ்ட் 24-ஆம் தேதி, அரசாங்கத்தின் ஜெபப் புத்தகத்தை ஒப்புக்கொள்ளாத குருமார்கள் சபையை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. முன்னும் பின்னுமாக வெளியேற்றப்பட்டவர்கள் சுமார் 2000 பேர். அந்தத் தேதியைத் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலும் வெறுமைதான். பதினொரு குழந்தைகள் பிறந்தன. பெரியவளாக வளர்ந்தவள் ஒரே ஒரு பெண். அவளுக்கும் கல்யாண வாழ்க்கை சுகப்படவில்லை. தகப்பன் வீட்டுக்கே திரும்பி வந்து க்ஷயரோகத்தில் கண்ணை மூடினாள். பதினொன்றில் ஒன்றுகூடத் தகப்பனுக்குப் பின் மிஞ்சவில்லை. தம்முடைய குழந்தைகளைப் பற்றி ஓவன் எழுதியது அபூர்வம். எண்பதுக்கு மேற்பட்ட நூல்களை எழுதியவர் இதில் மட்டும் மௌனி.

ஓவனின் ஆங்கிலம் சுலபமான ஆங்கிலம் அல்ல. லத்தீன் வாக்கியத்துக்கு ஆங்கிலச் சட்டை மாட்டியது போலிருக்கும். அவருக்கே அது தெரியும் என்று நினைக்கிறேன். பாத்திரங்களுக்கு ஓட்டை அடைக்கும் தொழிலாளியான ஜான் பனியனின் பிரசங்கத்தைக் கேட்க அவர் போவது வழக்கமாம். இவ்வளவு படித்தவர் அந்த மனிதனின் பேச்சைக் கேட்கலாமா என்று மன்னர் கேட்டதற்கு, அவனைப் போல் ஜனங்களின் நெஞ்சைத் தொட முடியுமானால் என் படிப்பு முழுவதையும் கொடுத்து விடுவேன் என்று பதில் சொன்னதாகக் கர்ணபரம்பரை. சிறையிலிருந்த பனியன் 1677-ல் விடுதலையாக ஓவன் ஒரு பிஷப்புக்குச் சிபாரிசு செய்தார். ஓவனின் நூல்களை வெளியிட்ட நத்தானியேல் பாண்டர்தான் மறு வருஷம் பனியனின் மோட்ச யாத்திரைக் கதையையும் வெளியிட்டார். அந்தக் கதைதான் திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் கையில் 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற தமிழ்க் காவியமாகி 1894-ல் வெளிவந்தது. ஈலிங் கிழவருக்கும் நமக்கும் அப்படி ஒரு மெல்லிய நூல் உண்டு.

இனி அந்தக் கடைசிப் புத்தகம். அதில் மன்னர் இல்லை; குரோம்வெல் இல்லை. முதலில் தம் மனத்தின் பயிற்சிக்காகவும், பிறகு தம் சிறு சபையின் நன்மைக்காகவும் செய்த தியானங்கள் இவை என்று முன்னுரையில் சொல்கிறார். கிறிஸ்துவின் மகிமை எங்கே தெரிகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகிறார். அதில் ஓர் அத்தியாயம் முழுவதும், அவர் தம் உயரத்திலிருந்து இறங்கி வந்த தாழ்மையைப் பற்றியது. மேலே இருப்பவர் மேலே இருப்பதில் என்ன ஆச்சரியம்? இறங்கி வந்ததிலே தெரியும் மகிமையைத்தான் கிழவர் கண் கொட்டாமல் பார்க்கிறார். அயர்லாந்தின் சிங்கத்தை இந்தப் பக்கங்களில் நான் காணவில்லை. அவர் பழைய கருத்தைத் துறந்தார் என்று சொல்ல மாட்டேன். அப்படி அவர் எழுதவில்லை. ஆனால் வாள் கையில் இல்லாதபோது ஒரு மனிதனின் பார்வை எங்கே போய் நிற்கிறது என்பது தெரிகிறது.

பார்வை என்றேன். இதுவும் ஆச்சரியந்தான். கோயில் சுவர்களிலிருந்த சித்திரங்களையெல்லாம் வெள்ளையடித்து மறைத்த கூட்டத்தைச் சேர்ந்தவர், காண்பது, காண்பது என்று புத்தகம் முழுவதும் எழுதுகிறார்! தீபாராதனை வெளிச்சத்தில் மூர்த்தியைக் கண்ணாரக் கண்டு பழகியவர்களுக்கு இந்தக் காட்சி சற்று விளங்காது. அவர் சொல்வது கண்ணால் காண்பது அல்ல. முகத்தை மனத்தில் கற்பனை செய்துகொள்வதும் அல்ல, அதை அவர் வெறுக்கிறார். வேதத்தில் சொன்னதை விசுவாசத்தோடு மனத்தில் நிறுத்தி, அதிலேயே நிலைத்திருப்பது. இந்த உலகத்தில் அது கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல, பலகணியின் கிராதி வழியே கிடைக்கும் தோற்றம் போல, விட்டு விட்டுத்தான் கிடைக்கும் என்கிறார். ஆனால் ஒரு நிபந்தனை: இங்கே அப்படிக் கொஞ்சமாவது கண்டு பழகாதவன் மறுமையில் நேருக்கு நேர் காண மாட்டான்.

எனக்கு மிகவும் பிடித்தது இந்தத் தியானங்களைச் சேர்ந்த வேறொரு பகுதி. நாற்பது வருஷங்களுக்கு முன்னே நெருப்பாக எரிந்த பக்தர்கள் பலர் ஆறிப்போய் விட்டார்கள் என்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஆராதனைக்கு வருகிறார்கள், ஜெபம் சொல்கிறார்கள், உள்ளே சாறு இல்லை. வாடிப்போன ஆத்துமா மறுபடி துளிர்க்க வழி உண்டா? முதுமையிலும் கனி தரும் மரத்தைப் பற்றிய சங்கீதத்தையும், ஓசியா தீர்க்கதரிசி சொன்ன பனித்துளி வாக்குறுதியையும் எடுத்துக்கொண்டு, உண்டு என்கிறார். நாமாகக் கற்பித்துக்கொண்ட விரதங்களாலும் ஒடுக்கங்களாலும் அது ஆகாது. கடமைகளைச் செய்ய வேண்டியதுதான். ஆனால் கிளையை உலுக்கினால் பூ வருமா? மனம் பட்டுப்போனது பார்வை விலகியதனால். ஆகவே பார்வையைத் திருப்பு. கிறிஸ்துவின் மகிமையைப் பார்த்துக்கொண்டே இரு. பார்க்கிறவன் பார்க்கப்படும் சாயலாக மாறுவான். பவுல் கொரிந்து பட்டணத்தாருக்கு எழுதியதைத்தான் திருப்பிச் சொல்கிறார்.

வேறு யாராவது சொல்லியிருந்தால், "சௌகரியமான உபதேசம்" என்று பக்கத்தைப் புரட்டியிருப்பேன். பதவியும் பதினொரு குழந்தைகளும் போய், மூச்சுத் திணறலுடன் தலையணையில் சாய்ந்திருந்தவர், துளிர்ப்பதைப் பற்றி எழுதுகிறார். புரட்ட மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 22-ஆம் தேதி பழைய நண்பர் சார்லஸ் ஃப்ளீட்வுட்டுக்குக் கடிதம் எழுதினார். குரோம்வெல்லின் மருமகன், ஒரு காலத்தில் படைத்தலைவர், இப்போது அவரும் தோற்றுப்போனவர். சபை என்ற கப்பலைப் புயலில் விட்டு விட்டுப் போகிறேன், ஆனால் பெரிய மாலுமி அதில் இருக்கும்போது துடுப்புப் போடும் ஒருவன் போவதால் என்ன குறைந்து விடும் என்ற பொருளில் எழுதியிருந்தார்.

24-ஆம் தேதி காலை, புத்தகத்தின் அச்சு வேலையைக் கவனித்து வந்த வில்லியம் பெய்ன் என்ற பாதிரியார் வந்து, அச்சு ஆரம்பமாகிவிட்டது என்று தெரிவித்தார். ஓவன் சந்தோஷம் என்றார். ஆனால் அந்த மகிமையை இதுவரை காணாத விதமாய்க் காணப்போகும் நாள் வந்துவிட்டது என்றும் சொன்னார். அன்றே காலமானார். 1662-ல் சக குருமார்கள் துரத்தப்பட்ட அதே ஆகஸ்ட் 24.

செப்டம்பர் 4-ஆம் தேதி லண்டனில் பன்ஹில் மைதானத்தில் அடக்கம் செய்தார்கள். ஆறு வாரத்துக்கு முன்பு அவர் எழுத்தை நெருப்புக்குக் கொடுத்த தேசத்தில், பிரபுக்களின் வண்டிகள் மட்டும் அறுபத்தேழு பின்தொடர்ந்தனவாம். புத்தகம் 1684-ல் வெளிவந்தது. துளிர்ப்பதைப் பற்றிய அத்தியாயம் அதில் இடம் பெறவில்லை. 1691-ல்தான் அது அச்சேறியது. அதற்குள் பனியனும் 1688-ல் அதே மைதானத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். 1692-ல் ஃப்ளீட்வுட் வந்தார்.