மாண்டலின்: கர்நாடக இசையில்

மாண்டலின் (மேண்டலின் என்றும் எழுதுவர்) இத்தாலியில் உருப்பெற்ற சிறிய தந்தி வாத்தியம். மீட்டுகோல் கொண்டு வாசிக்கப்படுவது. நான்கு ஜோடிகளாக எட்டுத் தந்திகள் உடையது. மேலைநாட்டு முறையில் அதன் சுருதி வயலினின் சுருதியே. தென்னிந்தியாவில் திரைப்பட ஒலிப்பதிவுக் கூடத்திலும் மெல்லிசைக் குழுவிலும் ஓர் ஓரமாக இருந்த இக்கருவி, 1978-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் கர்நாடக இசைக் கச்சேரியின் நடு மேடைக்கு வந்தது. அந்த மாற்றத்தின் வரலாறு பெரும்பாலும் உப்பலப்பு ஸ்ரீநிவாஸ் (1969–2014) என்ற ஒருவரின் வரலாறு. அவரது குருமரபின் வேர் பாலக்காட்டுக் கணவாயில் இருப்பதால், கொங்கு நாட்டு ரசிகர்கள் இந்த வரலாற்றில் தங்களுக்கு ஓர் அண்டைவீட்டு உரிமை கொண்டாடுவதுண்டு.

வடிவங்கள்

மாண்டலினின் பழைய வடிவங்களில் பெயர் பெற்றது நேப்பிள்ஸ் நகரத்தது. மெல்லிய மரப்பட்டைகளை வளைத்து ஒட்டி, பிளந்த சுரைக்குடுக்கை போலக் குழிந்த முதுகுடன் செய்யப்பட்டது. விவால்டி மாண்டலினுக்கென்று கான்செர்ட்டோக்கள் எழுதினார். அவர் மனத்தில் இருந்தது இந்த நேப்பிள்ஸ் கருவியா, அதற்கு முந்தைய நரம்புத் தந்திக் கருவியா என்பதில் ஆய்வாளர்கள் ஒன்றுபடவில்லை. மொசார்ட் தமது 'டான் ஜியோவான்னி' (1787) இசைநாடகத்தில் ஒரு காதல் பாட்டுக்கு மாண்டலினைத் துணையாக்கினார். பெத்தோவன் 1796-இல் பிராக் நகரில் சில சிறு உருப்படிகள் எழுதினார். 19-ஆம் நூற்றாண்டில் வினாச்சியா குடும்பத்தார் எஃகுத் தந்திக்கு ஏற்றபடி கருவியை வலுப்படுத்தினர்.

அமெரிக்காவில் ஆர்வில் கிப்ஸன் 1898-இல் காப்புரிமை பெற்ற வடிவம், வயலினைப் போல மேற்பலகையையும் முதுகையும் செதுக்கிச் செய்வது. அதன் வழியில் 1922-ஐ ஒட்டி லாயிட் லோர் மேற்பார்வையில் வந்த எஃப்-5 வகையை இன்றும் கைவினைஞர்கள் அளவுகோலாகக் கொள்கின்றனர். மின் மாண்டலின் அதற்குப் பின் வந்தது. 1952-இல் பால் பிக்ஸ்பி, டைனி மூர் என்ற அமெரிக்க வாத்தியக்காரருக்கு ஐந்து ஒற்றைத் தந்திகளுடன் ஒன்று செய்து கொடுத்தார். 1956-இல் ஃபெண்டர் நிறுவனம் நான்கு ஒற்றைத் தந்திகளுடன் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

வடிவம் எதுவானாலும் மாண்டலினுக்கு ஒரு குறை உண்டு. தந்தி நீளம் சுமார் 33 முதல் 35 சென்டிமீட்டர்தான். வீணையில் பாதிகூட இல்லை. மீட்டிய நாதம் கணத்தில் அடங்கிவிடும். கார்வை நிற்காது. அதனால்தான் மேலைநாட்டார் மீட்டுகோலை மேலும் கீழும் விரைந்து அசைத்து, ஒரே சுரத்தை நடுங்க வைத்து நீட்டுகின்றனர். கர்நாடக இசைக்கு அந்த வழி உதவாது. தோடி ராகத்தின் காந்தாரத்தை நடுங்க வைத்தால் போதாது, அசைக்க வேண்டும். வீணையில் மெழுகின்மேல் பதித்த 24 மெட்டுகள் உயர்ந்து நிற்பதால் தந்தியைத் தாராளமாக இழுக்கலாம். மாண்டலினின் கழுத்து ஒடுக்கமானது. ஜோடித் தந்திகளை இழுத்தால் இரண்டும் ஒரே அளவில் ஏறாமல் ஒன்றோடொன்று பிசகும். இக்கருவியில் அந்த அசைவு, அதாவது கமகம், பேசாது என்று தொடக்கத்தில் பலர் கருதியதற்கு அடிப்படை இருந்தது.

தமிழகத்தில் தொடக்கக் காலம்

கர்நாடக இசைக்கு அயல் வாத்தியம் புதிதன்று. பாலுஸ்வாமி தீட்சிதரும் தஞ்சை வடிவேலுவும் 19-ஆம் நூற்றாண்டில் வயலினைச் சுவீகரித்துக் கொண்டனர். கிளாரினெட், சாக்சபோன் என்று அந்த வரிசை நீண்டது. மாண்டலின் இந்த வரிசையில் பிந்தியது. பேசும் படத்தின் வருகையோடு அது பாட்டுகளின் இடையிசையில் கேட்கத் தொடங்கியது. இந்தி உலகில் இசையமைப்பாளர் சஜ்ஜாத் ஹுசைன் அதில் இந்துஸ்தானி ராகங்களை வாசித்துப் புகழ்பெற்றார்.

கொங்கு நாட்டில் 1935-இல் கோயம்புத்தூரில் தொடங்கப்பட்ட சென்ட்ரல் ஸ்டூடியோவும், பிறகு எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டூடியோவும் கால் நூற்றாண்டுக் காலம் இசைக் கலைஞர்களுக்குச் சோறிட்டன. எஸ்.எம். சுப்பையா நாயுடு அங்கே இசையமைத்தார், எம்.எஸ். விசுவநாதன் அங்கேதான் அவரிடம் தொழில் பழகினார். ஊர்ப் பந்தல்களில் பாடிய மெல்லிசைக் குழுக்கள் வழியே திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி மக்களுக்கு மாண்டலினின் குரல் பழகியது. அது பாட்டின் கருவியாகப் பழகியதே அன்றி ராகத்தின் கருவியாக அல்ல.

இதற்கு முந்தைய ஒரு செய்தியையும் இங்கே சேர்க்கலாம். கோயம்புத்தூர் தாயி (1872–1917) என்ற பாடகியின் இசைத்தட்டுகள் பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரீஸ் டெலாஜை ஆட்கொண்டன. இந்தியப் பயணத்துக்குப் பின் 1912-ஐ ஒட்டி அவர் எழுதிய 'நான்கு இந்துக் கவிதைகள்' என்ற படைப்பில், செல்லோக் கலைஞர் வில்லை வைத்துவிட்டு விரலால் மீட்டி, தந்தியின்மேல் விரலை வழுக்கி வாசிக்க வேண்டியிருக்கிறது. மேலைநாட்டுத் தந்தியை நம் கமகத்துக்கு வளைக்கும் முயற்சி அந்தத் திசையிலிருந்தும் நடந்திருக்கிறது. அதில் ஒரு கோவைக் குரலுக்குப் பங்கு உண்டு என்பது பலர் அறியாதது.

ஸ்ரீநிவாஸ்

ஸ்ரீநிவாஸ் ஆந்திரத்தின் பாலக்கொல்லு ஊரில் 28 பிப்ரவரி 1969 அன்று பிறந்தார். தந்தை சத்யநாராயணா கிளாரினெட் வாசிப்பவர். வீட்டில் ஒரு மாண்டலினும் இருந்தது. ஆறு வயதில் பையன் அதை எடுத்து வாசிக்கக் கண்ட தந்தை, தம் குருவான ருத்ரராஜு சுப்பராஜுவிடம் அவனை ஒப்படைத்தார். மேலைநாட்டு இசையை அறிமுகப்படுத்தியவர் வாசு ராவ்.

சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. பாடிக் காட்டுவார், பாடியதைப் பையன் கருவியில் எடுக்க வேண்டும். எந்த விரலை எங்கே வைப்பது என்று சொல்லித்தர ஆளில்லை. இது குறையாகத் தோன்றலாம். இந்த வரலாற்றிலேயே விளைவு மிகுந்த செய்தி இதுதான். கருவியின் வசதிக்காக வளைந்து கொடுக்காத ஒரு வாய்ப்பாட்டு, பிஞ்சு விரல்களைத் தனக்கேற்ற வழி தேட வைத்தது. ஸ்ரீநிவாஸின் வாசிப்பில் மூச்சு விடும் இடங்கள் பாடகர் மூச்சு விடும் இடங்களாகவே இருப்பதைக் கவனித்துக் கேட்பவர் உணரலாம்.

பாகவதரின் ஊரான செம்பை கிராமம், கோவையிலிருந்து வாளையாறு தாண்டி, பாலக்காட்டுக்கு அப்பால் உள்ளது. 1956-இல் மாநிலங்கள் மொழிவழி பிரியும்வரை கோவையும் பாலக்காடும் ஒரே சென்னை மாகாணத்தின் அடுத்தடுத்த மாவட்டப் பகுதிகள். செம்பையின் கணீரென்ற திறந்த குரலும், தயக்கமில்லாத மத்யமகால நடையும் கணவாய்க் காற்றுப் போல இருபுறமும் வீசியவை. பாகவதர் 1974-இல் மறைந்தார். பேரச் சீடன் கருவியைத் தொட்டது அதை ஒட்டிய காலத்தில். பாலக்கொல்லுவில் பிறந்தவரின் கச்சேரியில் செம்பையின் பாய்ச்சல் கேட்கிறது என்று மூத்த ரசிகர்கள் சொல்வது வெறும் ஊர்ப்பற்று என்று தள்ளத்தக்கதல்ல.

ஸ்ரீநிவாஸ் 1978-இல் குடிவாடாவில் நடந்த தியாகராஜர் விழாவில் ஒன்பது வயதில் அரங்கேறினார். சென்னையில் முதல் கச்சேரி 1981-இல் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியில் நடந்ததாகப் பெரும்பாலான குறிப்புகள் கூறுகின்றன. மாண்டலினை ஒரு வேடிக்கையாகப் பார்க்க வந்தவர்கள் ராக ஆலாபனையைக் கேட்டு உட்கார்ந்தார்கள். கமகம் வராது, வேகம் மட்டுமே மிஞ்சும் என்ற விமர்சனம் சில ஆண்டுகள் தொடர்ந்தது. அது எப்போது அடங்கியது என்பதைச் சொல்பவர்கள் ஆளுக்கொரு கச்சேரியைக் குறிப்பிடுவார்கள். பதின்மூன்று வயதுச் சிறுவன் நிமிர்ந்து உட்கார்ந்து, முகத்தில் சிறு புன்னகை மாறாமல், மூத்த பக்கவாத்தியக்காரர்களுக்கு நடுவில் கல்பனாஸ்வரம் வாசித்த காட்சியை அன்று கண்டவர்கள் இன்றும் விவரிக்கத் தவறுவதில்லை.

கருவியில் அவர் செய்த மாற்றம் எளிமையானது, தீர்மானமானது. ஜோடித் தந்திகளை நீக்கி ஒற்றைத் தந்திகள் நான்கு பூட்டினார். மந்திர ஸ்தாயிக்காகப் பின்னர் ஐந்தாவது ஒன்றைச் சேர்த்தார். குடமில்லாத கெட்டி மர உடல்; நாதத்தை மின்சாரம் சுமந்தது. ஒற்றைத் தந்தி இழுக்கவும் வழுக்கவும் இடம் கொடுத்தது, ஒலிபெருக்கம் கார்வையை நிறுத்தியது. கர்நாடக வயலினைப் போல ஸட்ஜ பஞ்சமமாகத் தந்திகளைச் சேர்க்கும் முறை இக்கருவிக்கும் வந்தது. பழைய ஒலிப்பதிவுகளில் ஓசை சற்று மெலிந்தும் உலோகத் தன்மையோடும், 1990-களின் பதிவுகளில் உருண்டும் கேட்பதற்குக் கருவியின் மாற்றமே முழுக் காரணமா, ஒலிப்பதிவு நுட்பமும் சேர்ந்ததா என்பது விவாதத்துக்குரியது.

1983-இல் பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்தார். மைல்ஸ் டேவிஸ் நிகழ்ச்சியை அடுத்து மேடையேறினார் என்றும், ரசிகர்கள் விடாமல் மேலும் வாசிக்கச் செய்தனர் என்றும் சொல்லப்படுகிறது. நேர அளவு குறிப்புக்குக் குறிப்பு வேறுபடுகிறது. 1992-இல் பார்சிலோனா ஒலிம்பிக் கலைவிழா; 1995-இல் மைக்கேல் புரூக்குடன் 'ட்ரீம்' இசைத்தொகுப்பு; 1990-களின் இறுதியிலிருந்து ஜான் மெக்லாஃப்லின், ஜாகிர் ஹுசைன் ஆகியோருடன் 'ரிமெம்பர் சக்தி'. மேலைநாட்டு மேடைகளிலும் அவர் கமகத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை என்பது பதிவுகளைக் கேட்டால் விளங்கும். பத்மஸ்ரீ 1998-இல் கிடைத்தது. பின்னர் சங்கீத நாடக அகாதமி விருதும் பெற்றார். சங்கீத கலாநிதி விருது அவருக்கு வழங்கப்படவில்லை.

19 செப்டம்பர் 2014 அன்று கல்லீரல் மாற்றுச் சிகிச்சைக்குப் பின் சென்னையில் மறைந்தார். வயது 45. செய்தி வந்த நாளில் கொங்குப் பக்கத்து இசைப் பிரியர்கள் பலர் பழைய ஒலிநாடாக்களைத் தேடி எடுத்தனர்.

பிற்காலம்

தம்பி உ. ராஜேஷும், அரவிந்த் பார்கவ் முதலான சீடர்களும் கச்சேரி செய்கின்றனர். திரை இசையமைப்பாளர் தேவி ஸ்ரீ பிரசாத்தும் ஸ்ரீநிவாஸிடம் பயின்றவர். யு.பி. ராஜு, நாகமணி இணையர் இருவராக மேடையேறுகின்றனர். கொல்கத்தாவின் ஸ்நேஹாஸிஷ் மஜும்தார் இரட்டைக் கழுத்து மாண்டலினில் இந்துஸ்தானி வாசிக்கிறார். மேலைநாட்டில் அவி அவிதல், கிறிஸ் தீலி இருவரும் பாஹ் இசையை, முன்னவர் செவ்வியல் மாண்டலினிலும் பின்னவர் செதுக்கு உடல் மாண்டலினிலும் வாசித்துப் பதிந்துள்ளனர். வயலின் சுருதியே மாண்டலினுக்கும் என்பதால் பாஹின் தனி வயலின் உருப்படிகள் விரலில் இயல்பாக உட்காருகின்றன.

கோவையில் மாண்டலின் கற்க வருவோர் குறைவு. வீணை, வயலின், கீபோர்டு ஆகியவற்றை நாடுவோரே மிகுதி. ஐந்து தந்திக் கருவி கடையில் ஆயத்தமாகக் கிடைப்பது அரிது. பெரும்பாலும் சொல்லிச் செய்விக்க வேண்டியிருக்கிறது.

கச்சேரி அறிவிப்பில் ஊர்ப் பெயரை முன்னால் வைத்துக் கலைஞரை அழைப்பது பழைய மரபு: கோயம்புத்தூர் தாயி, செம்பை வைத்தியநாத பாகவதர். ஸ்ரீநிவாஸ் விஷயத்தில் பாலக்கொல்லு அந்த இடத்துக்கு வரவேயில்லை. சுவரொட்டிகள் முதல்நாளிலிருந்தே 'மாண்டலின் ஸ்ரீநிவாஸ்' என்றே அச்சிட்டன. தம்பியின் பெயருக்கு முன்னாலும் இப்போது அதே சொல்லே நிற்கிறது.